பலகை பழுதில்லை, இமேஜைப் பாருங்கள்

நாமக்கல் பக்கம் எங்கள் வகுப்பில் கோழிப்பண்ணை வீட்டுப் பிள்ளைகள் அதிகம். கொட்டகை வெப்பத்தை ஈஎஸ்பி32 பலகையில் பதிந்து செல்போனில் காட்ட ஒரு பக்கம் செய்தார்கள். பக்கத்தையும் படங்களையும் ஒரே இமேஜாக்கி பிளாஷ் நினைவகத்தில் ஏற்றினால் 'மவுண்ட் ஆகவில்லை' என்றே வந்தது. பலகை போய்விட்டது, வேறு வாங்கலாம் சார் என்றார்கள்.

பலகை நன்றாகவே இருந்தது. இமேஜ், அச்சில் எடுத்த வெல்லக்கட்டி மாதிரி. வைக்கும் குழிக்குப் பொருந்த வேண்டும். 4 எம்பி பலகைக்கு ஆர்டுயினோ தரும் வழக்கமான பிரிவுப் பட்டியலில் கோப்புகளுக்கு 14,41,792 பைட், அதாவது 4096 பைட் கொண்ட 352 பிளாக். இமேஜின் அளவும் ஏற்றும் முகவரியும் அந்தப் பட்டியல்படி இருக்க வேண்டும். இவை இரண்டும் சரியாகவே இருந்தன.

சிக்கல் பெயரில். அந்தப் பிரிவுக்கு 'ஸ்பிஃப்ஸ்' என்று பெயர். அதை நம்பி ஸ்பிஃப்ஸ் இமேஜ் செய்தார்கள். நிரலோ லிட்டில்எஃப்எஸ் முறையில் படிக்கிறது. பெயர் பழையது, அவ்வளவுதான். லிட்டில்எஃப்எஸ் கருவியில் இமேஜ் செய்ததும் பக்கம் திறந்தது.

ஒரு மாணவன் வேறு வழி சொன்னான்: தொடக்கக் கட்டளையில் 'ட்ரூ' போட்டால் பிழை மறையும். மறையும்தான். மவுண்ட் ஆகாத பிரிவையே அது ஃபார்மட் செய்துவிடும்; ஏப்ரல், மே வெயிலில் பதிந்த கணக்கும் சேர்ந்து அழியும். புது இமேஜ் ஏற்றினாலும் அதே கதிதான். அதனால் பதிவுகளைக் கணினியில் எடுத்து வைத்த பிறகே இப்போது ஏற்றுகிறார்கள்.