மானத்தை ஃபார்வர்டு செய்யாதீர்!

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

2021 ஜூலையில் 'சுல்லி டீல்ஸ்', 2022 புத்தாண்டு நாளில் 'புல்லி பாய்' என்று இரண்டு செயலிகள் கிளம்பியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். முஸ்லிம் பெண்களின் படங்களை அவர்களுடைய சமூக வலைதளப் பக்கங்களிலிருந்து திருடி, 'ஏலம்' என்று போட்டுக் கேவலப்படுத்தினார்கள். புல்லி பாய் வழக்கில் கைதானவர்களில் 18 வயதுப் பெண்ணும் 21 வயது பொறியியல் மாணவரும் இருந்தனர். நேற்றுவரை பள்ளிக்கூடத்தில் இருந்த பிள்ளைகள்! இந்த வயதில் இவ்வளவு விஷத்தை ஊட்டியது யார் என்று கேட்டால் நீங்கள் தக்பீர் முழங்குவீர்கள். இன்று அதற்காக நான் வரவில்லை. நம் வீட்டுக் கதையைப் பேச வந்திருக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை. பெருநாள் உடுப்போடு படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுகிறது. ஒரு படத்தில் பள்ளிச் சீருடை, இன்னொன்றில் தெருப் பெயர்ப் பலகை, மூன்றாவதில் டியூஷன் முடியும் நேரம். தோழியின் பெயரில் ஒருவன் வருகிறான். பேசுகிறான், படம் கேட்கிறான், பிறகு அதை வைத்தே மிரட்டுகிறான். இப்போது படம் கேட்கவும் தேவையில்லை. முகம் கிடைத்தால் போதும், ஏஐ செயலியில் ஆபாசப் படம் செய்துவிடுகிறான். ஆண் பிள்ளைகளையும் இதே வலையில் பிடித்துப் பணம் பறிக்கிறார்கள். பையன்தானே என்று யாரும் அலட்சியமாக இருக்க வேண்டாம்.

பிள்ளை ஏன் சொல்வதில்லை? வாப்பா துபையில் இருக்கிறார். உம்மாவிடம் சொன்னால் போன் போகும், அடுத்த நாள் படிப்பும் போகும். அந்தப் பயம்தான் மிரட்டுபவனுக்கு முதலீடு. அதை அவனுக்குக் கொடுத்தது நாம்!

அடுத்து நடப்பது இன்னும் கொடுமை. விஷயம் கசிந்ததும் நம் இளைஞர்களின் வாட்ஸ்அப் குழுவில் படத்தோடு ஒரு செய்தி வருகிறது: 'நம் சமுதாயப் பெண். யார் வீட்டுப் பிள்ளை? தெரிந்தவர்கள் உடனே தகவல் தரவும். அதிகம் பகிரவும்.' நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். காலையில் மண்ணடியில் புறப்பட்ட படம் லுஹருக்கு மேலப்பாளையம், அஸருக்கு துபை தேரா! மிரட்டியவன் பத்துப் பேருக்கு அனுப்பியிருப்பான். பத்தாயிரம் பேருக்கு அனுப்பியது யார்?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறைக் கிளப்பியவன் முனாஃபிக்குகளின் தலைவன் அப்துல்லாஹ் பின் உபை. ஆனால் அதை வாயால் கடத்தியவர்களில் பத்ருக் களம் கண்ட மிஸ்தஹ் (ரலி) அவர்களும் இருந்தார்கள். அன்னை அவர்கள் கண்ணீர் வடித்தார்கள். கேட்டவுடன் நல்லெண்ணம் கொண்டிருக்க வேண்டாமா என்று அல்லாஹ் கண்டித்தது மூமின்களைத்தான் (24:12). அன்று நாவு. இன்று கட்டைவிரல்.

நாட்டின் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 18 வயதுக்குட்பட்ட பிள்ளையின் ஆபாசப் படத்தைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் குற்றம். டவுன்லோடு செய்து பார்த்தால் குற்றமில்லை என்ற சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. 'பாய், எனக்கு வந்ததைத்தான் அனுப்பினேன்' என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. 13 வயது ஆகாத பிள்ளைக்கு இன்ஸ்டாகிராம் கணக்குக் கிடையாது என்பது அந்த நிறுவனத்தின் விதி. நாமே பிறந்த வருடத்தைப் பொய்யாகப் போட்டுக் கணக்குத் திறந்து கொடுக்கிறோம். பொய் சொல்லாதே என்று பிறகு எந்த வாயால் சொல்வது? 13 தாண்டிய பிள்ளை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து, கணக்கைத் தெரிந்தவர் மட்டும் பார்க்கும்படி பூட்டிக் கொடுங்கள். தூங்கும்போது போனைத் திருட்டுத்தனமாகத் துழாவுவதை நான் ஆதரிக்க மாட்டேன். பெற்றோரின் அறைக்குள் அனுமதி கேட்டு வர வேண்டிய மூன்று நேரங்களைப் பிள்ளைகளுக்குக் கற்றுத் தந்த மார்க்கம் இது (24:58). துருவித் துருவி ஆராயாதீர்கள் என்றும் சொல்கிற மார்க்கம் (49:12). பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பாருங்கள்.

மொபைல் கடை வைத்திருக்கும் சகோதரர்களே! ரிப்பேருக்கு வரும் போன் அமானிதம். டிஸ்பிளே மாற்ற வந்தவரிடம் லாக் நம்பரை எழுதி வாங்கி, போனின் முதுகில் ஒட்டி வைக்கிறீர்கள். திறந்து பார்க்க வேண்டுமென்றால் அவரையே திறந்து காட்டச் சொன்னால் என்ன? கடைப் பையன் கேலரியைத் திறந்தால் மறுமையில் கேள்வி முதலாளிக்கும் உண்டு. பழைய போன் வாங்குகிறவர்கள் விற்பவரின் கண் முன்னாலேயே எல்லாவற்றையும் அழித்துக் காட்டுங்கள். ஜவுளிக்கடைக்காரர்கள், வாடிக்கையாளரின் பிள்ளையைப் பெருநாள் உடுப்போடு நிறுத்திப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடுவதை விடுங்கள். (மதரஸா ஆண்டு விழாப் படங்களைப் பெயர், வகுப்போடு போடும் நிர்வாகிகளுக்கும் இது பொருந்தும்.)

மிரட்டல் வந்துவிட்டால் பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் மறுபடி கேட்பான். மிரட்டல் செய்திகளையும் அவன் கணக்கின் பெயரையும் அழிக்காமல் வையுங்கள். சைபர் குற்றத்துக்கு 1930, குழந்தைகள் உதவிக்கு 1098. 'டேக் இட் டவுன்' என்றொரு சேவை இருக்கிறது. படத்தை யாருக்கும் அனுப்பாமல், போனிலேயே அதன் அடையாள எண்ணை மட்டும் உருவாக்கிக் கொடுத்தால், அதில் சேர்ந்துள்ள வலைதளங்கள் அந்தப் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும். கட்டணம் இல்லை.

போலீஸ் என்றாலே நம் வீடுகளில் பயம். பயத்துக்குக் காரணங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பிள்ளையின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலேயே வாங்கலாம். வாங்கும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. முடிந்தவரை பெண் உதவி ஆய்வாளராக இருக்க வேண்டும். பிள்ளையின் பெயரை வெளியிடவும் கூடாது. இதை ஜமாஅத் தலைவர்கள் எடுத்துச் சொல்லிக் கேட்டுப் பெறுங்கள். ஒரு ஆலிமாவைத் துணைக்கு அனுப்புங்கள். அந்தப் பிள்ளை மறுநாள் காலை பள்ளிக்கூடம் போகிறதா என்று நீங்களே நேரில் போய்ப் பாருங்கள்.