பஸ்ஸில் படித்தவை



பிடித்த புத்தகம், பிடித்த படம் பற்றிப் பேசச் சொன்னீர்கள். எப்போ படிக்கிறேன்னு முதல்ல சொல்லிடுறேன். விடியக்காலம் தண்ணி பிடிச்சு, சோறு வடிச்சு, பேங்குக்குப் போற முக்கால் மணி நேர பஸ். அதுதான் என் வாசிப்பறை.

சிவகாமியின் 'பழையன கழிதலும்' (1989), பாமாவின் 'கருக்கு' (1992) இரண்டும் அங்கே படித்தவை. மராத்தியில் பேபி காம்ப்ளே, கடையில் உட்கார்ந்தபடியே, புருஷனுக்குத் தெரியாமல் தன் வாழ்க்கையை எழுதி ஒளித்து வைத்தவர். அது 1986-இல்தான் புத்தகமானது.

நாகராஜ் மஞ்சுளேயின் 'ஃபன்றி' (2013), மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) படங்கள் என்னை அழவைத்தவை. ஆனா ஒண்ணு கேக்கணும். பரியனுக்கு நடந்த கொடுமை ஜோவுக்குக் கடைசிவரை தெரியாது. 'ஃபன்றி'யில் ஜப்யாவின் சகோதரிக்குக் கல்யாணம். அந்தச் செலவுக்குத்தான் அப்பா பன்றி பிடிக்கிறார். அவள் என்ன கனவு கண்டாள்? படம் கேட்கவில்லை. நம்ம பொண்ணுங்க புத்தகத்தில் பேசுகிறார்கள். திரையில் அடுப்படியோடு நின்றுவிடுகிறார்கள்.

படம் எடுக்கக் கிளம்பும் தம்பிகளே, நாளைக்கு வீட்டுத் தண்ணிக் குடத்தை நீங்க தூக்குங்க. அந்த அரைமணி நேரத்துல தங்கச்சி எழுதட்டும். ஒளிச்சு வைக்காம எழுதட்டும்.