மதிப்பைக் கூட்டுவோர் யார்? கொண்டுபோவோர் யார்?

(சிறு கால்நடை வளர்ப்போரின் வாழ்வாதாரம் குறித்துக் கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஒன்றிய அரசின் கால்நடைத்துறை ஆவணங்களைத் தமிழாக்க நேரும்போதெல்லாம் பக்கத்துக்குப் பக்கம் எதிர்ப்படும் ஒரு தொடர் ‘மதிப்புக் கூட்டல்’ என்பதாகும். இறைச்சிக்கு மதிப்புக் கூட்டப்படும், தோலுக்கு மதிப்புக் கூட்டப்படும், அதனால் விவசாயியின் வருமானம் உயரும் என்று அவ்வாவணங்கள் கூறும். அந்த வாக்கியங்களுக்கு எழுவாய் இருப்பதில்லை. கூட்டுகிறவர் யார், கூட்டப்பட்ட மதிப்பைக் கொண்டுபோகிறவர் யார் என்பது சொல்லப்படாமலே விடப்படுகிறது. விடுபட்ட அந்த எழுவாயைத் தேடுவதே இவ்வுரையின் நோக்கம்.

பழந்தமிழில் ‘மாடு’ என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றே பொருள் உண்டு. நிலமற்ற குடும்பத்திற்கு அப்பொருள் இன்றும் பழையதாகிவிடவில்லை. வங்கிக் கணக்கில் பணம் இல்லாத வீட்டின் கொல்லையில் இரண்டு ஆடுகள் நிற்கின்றன. பள்ளி திறக்கும் மாதத்தில் ஒன்று விற்கப்படும். மருத்துவச் செலவு வந்தால் மற்றொன்றும் போகும். ‘ஏழையின் பசு’ என்று ஆட்டை அழைப்பது இதனால்தான்.

பயிர் கைவிடுகிறது, கால்நடை தாங்குகிறது

தேசிய மாதிரி ஆய்வின் 70-ஆவது சுற்றின்படி, 2012-13இல் இந்திய விவசாயக் குடும்பம் ஒன்றின் சராசரி மாத வருமானம் 6,426 ரூபாய். அதில் பயிர்ச் சாகுபடியிலிருந்து கிடைத்தது 3,081 ரூபாய். கால்நடையிலிருந்து 763 ரூபாய். 77-ஆவது சுற்றின்படி, 2018-19இல் மொத்த வருமானம் 10,218 ரூபாய். பயிரின் பங்கு 3,798, கால்நடையின் பங்கு 1,582, கூலியின் பங்கு 4,063 ரூபாய். ஏறத்தாழப் பாதியாக இருந்த பயிரின் பங்கு 37 விழுக்காடாகச் சரிந்துவிட்டது. விவசாயி என்று நாம் அழைப்பவரின் வருமானத்தில் கூலியே அவ்வாண்டில் முதலிடம் வகித்தது. கால்நடை வருமானமோ, விலைவாசி உயர்வைக் கணக்கில் கொள்ளாமல் பார்த்தால், இருமடங்குக்கு மேல் ஆகியுள்ளது.

2019ஆம் ஆண்டின் 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டின் வெள்ளாடுகள் 14.89 கோடி, செம்மறியாடுகள் 7.43 கோடி. முந்தைய கணக்கெடுப்பைவிட வெள்ளாடு 10 விழுக்காடும் செம்மறி 14 விழுக்காடும் கூடியுள்ளன. ஆகவே, மந்தை பெருகாததால் ஏழைக்கு வருமானம் இல்லை என்பது பொருந்தாத வாதம். மந்தை பெருகுகிறது. பெருகிய மந்தையின் விலையை முடிவு செய்யும் இடத்தில்தான் அதனை வளர்த்தவர் இல்லை.

துண்டுக்குள் பேசப்படும் விலை

வாரச்சந்தையில் ஆடு எப்படி விற்கப்படுகிறது என்பதை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். முதுகெலும்பைத் தடவி, இடுப்பைப் பிடித்துத் தூக்கிப் பார்த்து, இத்தனை கிலோ தேறும் என்று வியாபாரி கூறுவதே எடை. அதற்குக் ‘கண்மதிப்பு’ என்று பெயர். பல சந்தைகளில் தரகரும் வியாபாரியும் துண்டை மூடிக்கொண்டு அதற்குள் விரல் பிடித்து விலை பேசுகின்றனர். ஆட்டின் உரிமையாளர் கண்ணெதிரே நின்றாலும், அவருடைய ஆட்டின் விலை அவருக்குத் தெரியாமலே முடிவாகிறது. அதே ஆட்டின் இறைச்சி நகரத்துக் கடையில் கிராம் பிசகாமல் தராசில் நிறுக்கப்படுகிறது. விற்கும்போது உருப்படிக் கணக்கு, வாங்கும்போது எடைக் கணக்கு. இவ்விரு கணக்குகளுக்கும் இடைப்பட்ட வெளியில்தான் உழைப்பின் பெரும்பகுதி மறைந்துபோகிறது.

இருபது கிலோ உயிர் எடையுள்ள ஆட்டில் ஒன்பது முதல் பத்துக் கிலோ வரை இறைச்சி தேறும். தலை, கால், ஈரல், குடல், தோல் ஆகியவை தனி. தோலை உரித்த சில மணி நேரத்திற்குள் உப்பிட்டால்தான் அது கெடாமல் தோல் பதனிடும் ஆலையைச் சென்றடையும். கத்தி பட்டுக் கிழிந்தால் தரம் இறங்கிவிடும். கிராமத்துக் கடையில் உப்பிடவும் வசதியில்லை, வாங்க வருவாரும் இல்லை. தோல் குப்பைக்குப் போகிறது. இறைச்சிக்கும் இதே நிலைதான். குளிர்சாதனம் இல்லாத கடைக்காரர் விடியற்காலையில் அறுத்ததை நண்பகலுக்குள் விற்றாக வேண்டும். பூச்சியத்துக்கும் நான்கு பாகைக்கும் இடையே இறைச்சியை வைத்திருக்கும் ஓர் அறை இருந்தால் அவருக்குச் சில நாள் அவகாசம் கிடைக்கும். அவகாசம் உள்ளவரே பேரம் பேச முடியும். பதப்படுத்தும் வசதியின் பொருளாதாரச் சாரம் இதுவே.

இதற்கான அறிவு நம் மக்களிடம் இல்லாமலில்லை. தமிழ்நாட்டின் உப்புக்கண்டம், தெலுங்கு மண்ணின் இறைச்சி ஊறுகாய், வடகிழக்கு மாநிலங்களில் அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுப் புகையூட்டும் பன்றியிறைச்சி ஆகிய அனைத்தும் பெரும்பாலும் பெண்கள் காத்துவந்த கைத்திறன்கள். அவை வீட்டு அடுப்பங்கரையைத் தாண்டிச் சந்தைக்கு வருவதற்குரிய இடமும் முதலும் உரிமமும் அவர்களிடம் இல்லை.

தெலங்கானா தரும் பாடம்

2017 ஜூன் மாதத்தில் தெலங்கானா அரசு ஆடு வழங்கும் பெருந்திட்டத்தைத் தொடங்கியது. கொல்ல, குரும சமூகங்களைச் சேர்ந்த ஆட்டிடையர் குடும்பங்களுக்கு இருபது பெண் செம்மறியும் ஒரு கிடாவும் வழங்கப்பட்டன. தொடக்கத்தில் ஓர் அலகின் மதிப்பு 1.25 லட்சம் ரூபாய்; அதில் 75 விழுக்காடு மானியம், 25 விழுக்காடு பயனாளியின் பங்கு. 2012இல் 1.28 கோடியாக இருந்த மாநிலத்தின் செம்மறி எண்ணிக்கை 2019இல் 1.91 கோடியாகி, நாட்டிலேயே முதலிடம் பெற்றது.

திட்டத்தில் நடைபெற்ற முறைகேடுகள் ஊழல் தடுப்புப் பிரிவின் விசாரணைக்கு உள்ளாகியிருப்பது ஒருபுறம் இருக்கட்டும். முறைகேடே நடக்கவில்லை என்று வைத்துக்கொண்டாலும் ஓர் அடிப்படைக் குறை எஞ்சுகிறது. ஆடு கொடுத்த அரசு தராசு கொடுக்கவில்லை; இறைச்சிக்கூடம் கொடுக்கவில்லை. செம்மறி வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கங்களில் பெருந்திரளானோர் உறுப்பினராயினர். ஆனால் அச்சங்கங்கள் பயனாளிப் பட்டியல் தயாரிக்கும் இடங்களாகவே நின்றுவிட்டன. வளர்ந்த ஆட்டை வாங்கி, அறுத்து, பதப்படுத்தி விற்கும் அமைப்புகளாக அவை வளர்க்கப்படவில்லை. நாட்டின் இறைச்சி ஆராய்ச்சி நிலையம் ஐதராபாத்தை அடுத்த செங்கிச்செர்லாவிலேயே இருக்கிறது. தொழில்நுட்பம் அருகில் இருந்தும் அது இடையரின் கைக்கு எட்டவில்லை.

பாலுக்கு உண்டு, இறைச்சிக்கு ஏன் இல்லை?

1946இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியம் தோன்றியது. 1970இல் ‘வெள்ளப் பெருக்குத் திட்டம்’ தொடங்கப்பட்டது. கிராமத்தில் பாலை அளந்து, கொழுப்புச் சத்தைச் சோதித்து, அதற்கேற்ப விலை தரும் முறை உருவானது. பால் கூட்டுறவுகளிலும் வர்க்க வேறுபாடுகளும் மேட்டுக்குடி ஆதிக்கமும் உண்டு என்பதை நாம் அறிவோம். எனினும் இரண்டு லிட்டர் கொண்டுவரும் பெண்ணின் பாலும் அங்கே அளந்துதான் வாங்கப்படுகிறது. இறைச்சிக்கு அப்படியோர் இயக்கம் ஏன் தோன்றவில்லை?

விரைவில் கெடும் பொருள் என்பது விடையாகாது; பாலும் விரைவில் கெடும் பொருளே. விடை சாதியமைப்பில் இருக்கிறது. பால் தூயதாகவும், இறைச்சியும் தோலும் தீட்டாகவும் கருதப்படும் சமூகத்தில், அறுக்கும் தொழில் குரேஷி இசுலாமியர், வடஇந்தியக் கட்டிக்குகள், தெலங்கானாவின் ஆரெ கட்டிகர் போன்ற சமூகங்களிடமும், தோல் தொழில் தலித் மக்களிடமும் தள்ளப்பட்டது. அரசு முதலீடும் அத்தீட்டைக் கடைப்பிடித்தது. வளர்ப்பவர் ஒரு சாதி, அறுப்பவர் ஒரு மதம், தோலுரிப்பவர் மற்றொரு சாதி என்று பிரிந்து கிடப்பதால் இம்மூவரும் ஒரே சங்கத்தில் அமர முடியாமற் போயிற்று. அந்தப் பிரிவினையில்தான் இடைத்தரகர் தழைக்கிறார்.

யாருக்கான திட்டங்கள்?

2020இல் ஒன்றிய அரசு 15,000 கோடி ரூபாயில் கால்நடை உட்கட்டமைப்பு மேம்பாட்டு நிதியை அறிவித்தது. திட்ட மதிப்பில் 90 விழுக்காடு வரை வங்கிக் கடன், 3 விழுக்காடு வட்டிச் சலுகை. எஞ்சிய பத்து விழுக்காட்டையும் வங்கி கேட்கும் ஈட்டையும் தனியார் நிறுவனத்தால் தர முடியும். நான்கு ஆடு வைத்திருக்கும் பெண்ணால் தர முடியுமா?

2021இல் திருத்தியமைக்கப்பட்ட தேசியக் கால்நடை இயக்கம் ஆட்டுப் பண்ணைக்கு 50 விழுக்காடு மூலதன மானியம் தருகிறது. மிகச்சிறிய அலகே நூறு பெண் ஆடும் ஐந்து கிடாவும். மிகப்பெரியது ஐந்நூறு பெண் ஆடும் இருபத்தைந்து கிடாவும், அதற்கு மானியம் 50 லட்சம் ரூபாய் வரை. ஏழையின் பசுவுக்கான திட்டத்தில் ஏழை நுழைய முடியாதபடி வாசற்படி உயர்த்தப்பட்டிருக்கிறது.

பதப்படுத்துதல் முழுவதும் பெருநிறுவனங்களின் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டின் பல்லடம், நாமக்கல் வட்டாரங்களே சான்று. கறிக்கோழி ஒப்பந்த முறையில் குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்துடையவை. கொட்டகையும் கடனும் மின்கட்டணமும் விவசாயியுடையவை. அவருக்குக் கிடைப்பதற்கு ‘வளர்ப்புக் கூலி’ என்று பெயர். சொந்தக் கொட்டகையில் கூலியாளாக ஆனவரின் நிலையை அந்தச் சொல்லே ஒப்புக்கொள்கிறது.

சட்டத்தில் உள்ள இடம்

மாற்று வழிக்குச் சட்டம் முற்றிலும் இடங்கொடுக்கவில்லை என்று எண்ண வேண்டாம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2011இல் வந்த உரிம விதிகளின்படி, நாளொன்றுக்கு இரண்டு பெருங்கால்நடை, அல்லது பத்துச் சிறு கால்நடை, அல்லது ஐம்பது கோழி வரை அறுக்கும் கூடம் சிறு உணவுத் தொழிலாகக் கருதப்பட்டுப் பதிவு பெற்றாலே போதும். அரசமைப்பின் 12-ஆவது அட்டவணை இறைச்சிக்கூடங்களை முறைப்படுத்தும் பொறுப்பை நகராட்சிகளுக்கு வழங்குகிறது. 11-ஆவது அட்டவணையோ கால்நடை வளர்ப்பையும், உணவு பதப்படுத்துதல் உள்ளிட்ட சிறுதொழிலையும் ஊராட்சிகளுக்குரிய பணிகளில் சேர்த்துள்ளது. நாளொன்றுக்குப் பத்து ஆடு அறுக்கும் தூய்மையான கூடம், கால்நடை மருத்துவரின் சோதனை, ஒரு குளிரறை, தோலுக்கு உப்பிடும் மேடை, கழிவுக்கு ஒரு சாண எரிவாயுக் கலன் ஆகியவை ஓர் ஒன்றியத்தின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டவை அல்ல. அவற்றைக் கேட்டுப் பெறும் அமைப்புதான் இல்லை.

கேரளத்தின் இரு அனுபவங்கள்

கேரள அரசு 1973இல் கூத்தாட்டுகுளத்தில் இறைச்சிப் பதப்படுத்தும் பொதுத்துறை நிறுவனத்தைத் தொடங்கியது. அரை நூற்றாண்டு கடந்தும் அது நிற்கிறது. இறைச்சித் தொழிலில் பொதுத்துறைக்கு இடமுண்டு என்பதை அது காட்டுகிறது. வயநாட்டில் இடதுசாரி இயக்கத்தினரின் முன்முயற்சியில் உருவான பிரம்மகிரி வளர்ச்சிச் சங்கம் ‘மலபார் மீட்’ என்ற பெயரில் நவீன இறைச்சி ஆலை கண்டது. விவசாய நெருக்கடியால் தற்கொலைகள் நிகழ்ந்த மாவட்டத்தில் அது பெரும் நம்பிக்கையை விதைத்தது. பின்னர் அச்சங்கம் கடும் நிதி நெருக்கடிக்குள் வீழ்ந்தது. பணம் செலுத்தியோர் அதனைத் திரும்பப் பெற இயலாமல் தவிக்கும் நிலை ஏற்பட்டது. இதனை நாம் மூடி மறைக்கத் தேவையில்லை. ஆலைக்குக் கட்டடமும் இயந்திரமும் போதா. விலங்கை வாங்கிய அன்றே விவசாயிக்குப் பணம் தர நடைமுறை மூலதனம் வேண்டும். குளிர்சாதனம் ஒருநாளும் நிற்கலாகாது. கணக்கு உறுப்பினர் முன் திறந்திருக்க வேண்டும். அந்த மூலதனத்தை எளியோரின் சேமிப்பிலிருந்து திரட்டுவது ஆபத்தானது. அது அரசும் கூட்டுறவு வங்கியும் ஏற்க வேண்டிய பொறுப்பு. சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக வளர்வதே நமக்குரிய வழி.

வன்முறைக் கும்பலும் சந்தையும்

2017 மார்ச்சில் உத்தரப் பிரதேசத்தில் ஆட்சிக்கு வந்த பாஜக அரசு, உரிமம் இல்லை என்று கூறி இறைச்சிக்கூடங்களையும் கடைகளையும் மூடியது. உரிமம் வழங்கவேண்டிய உள்ளாட்சிகள் பலவும் அதற்கான கூடங்களைக் கட்டவில்லை. அதே ஆண்டு மே 23 அன்று ஒன்றிய அரசு கால்நடைச் சந்தைகளில் மாடு, எருமைகளை இறைச்சிக்காக விற்பதைத் தடுக்கும் விதிகளை வெளியிட்டது. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒரு வாரத்திற்குள் இடைக்காலத் தடை விதித்தது. ஜூலையில் உச்சநீதிமன்றம் அத்தடையை நாடு முழுமைக்கும் விரிவாக்கியது. ஆயினும் சாலைகளில் கும்பல் வன்முறை நிற்கவில்லை. கும்பல் கொலைகளைத் தடுக்க மாவட்டந்தோறும் பொறுப்பு அதிகாரியை நியமிக்குமாறு 2018 ஜூலையில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. அவ்வாணை எத்தனை மாவட்டங்களில் உயிரோடிருக்கிறது என்று கேட்க வேண்டியவர்கள் நாமே.

இவ்வன்முறையின் அடி இசுலாமியர் மீதும் தலித்துகள் மீதும் விழுகிறது. அதன் பொருளாதாரச் சுமை இந்து விவசாயியின் மீதும் இறங்குகிறது. வாங்குபவர் சந்தைக்கு வர அஞ்சினால் விற்பவரின் விலை வீழ்கிறது; கறவை வற்றிய மாட்டுக்கு வாங்குவாரே இல்லாமற் போகிறது. மதச்சார்பின்மை வயிற்றோடு தொடர்புடைய கோரிக்கை என்பதைக் கால்நடைச் சந்தையைப் போல் விளக்கமாகக் காட்டும் இடம் வேறில்லை.

இது கட்சியின் வேலையா?

ஊறுகாய் விற்பதும் கூட்டுறவு நடத்துவதும் வர்க்கப் போராட்டம் ஆகுமா என்று தோழர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. கூட்டுறவு மட்டுமே முதலாளித்துவத்தை வீழ்த்திவிடாது. ஆனால் கூலி உயர்வுக்காக வேலைநிறுத்தம் செய்யும் விவசாயத் தொழிலாளியின் வீட்டில் பத்தாவது நாள் என்ன நடக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். கொல்லையில் நிற்கும் ஆடு சந்தைக்குப் போகிறது. அந்த ஆடுதான் அவருடைய போராட்ட நிதி. அது பாதி விலைக்குப் போனால் போராட்டத்தின் ஆயுளும் பாதியாகக் குறைகிறது. எனவே ஆட்டின் விலை வர்க்கத்தின் வலிமையோடு பிணைந்த ஒன்றாகும்.

ஆகவே நாம் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. ஒவ்வொரு வாரச்சந்தையிலும் உயிர் எடைத் தராசு வைத்து எடைப்படி விற்பதைக் கட்டாயமாக்க வேண்டும். ஒன்றியந்தோறும் பொது முதலீட்டில் சிறு இறைச்சிக்கூடமும் குளிரறையும் அமைத்து, வளர்ப்போரும் அறுக்கும் தொழிலாளரும் இணைந்த கூட்டுறவிடம் அவற்றை ஒப்படைக்க வேண்டும். இருபது பெண்கள் ஆளுக்கு ஐந்து ஆடு வைத்திருந்தால் அதனையும் ஓர் அலகாக ஏற்று மூலதன மானியம் வழங்க வேண்டும். அரசு விடுதிகளும் மருத்துவமனைகளும் இக்கூட்டுறவுகளிடமே இறைச்சி கொள்முதல் செய்ய வேண்டும். மேய்ச்சல் நிலங்கள் பறிக்கப்படுவதை நிறுத்த வேண்டும்.

கோரிக்கையோடு நில்லாமல், ஒவ்வொரு கிளையும் தன் பகுதியின் சந்தைக்குச் சென்று, ஆடு என்ன விலைக்குப் போகிறது, கடையில் இறைச்சி என்ன விலைக்கு விற்கிறது, தோல் எங்கே போகிறது என்று பதிவு செய்யவேண்டும். ஆடு வளர்க்கும் பெண்களையும் இறைச்சிக் கடைத் தொழிலாளரையும் ஒரே கூட்டத்தில் அமர வைக்கவேண்டும். சாதியும் மதமும் பிரித்து வைத்த அவர்கள் ஒரே சங்கத்தின் உறுப்பினராகும் நாளில், அரசு ஆவணம் எழுதாமல் விட்ட அந்த எழுவாயை உழைக்கும் மக்களே எழுதிக்கொள்வார்கள்.