கோடை விடுமுறையில் பள்ளிக் காய்கறித் தோட்டம்

(ஆசிரியர்களும் வட்டாரக் கல்வி அலுவலர்களும் கலந்துகொண்ட பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



சில ஆண்டுகளுக்கு முன், விடுமுறை முடிந்து திறந்த ஒரு பள்ளியைப் பார்வையிடச் சென்றிருந்தேன். 'ஊட்டச்சத்துத் தோட்டம்' என்று எழுதிய பலகை நின்றது, தோட்டம் இல்லை. கத்தரியும் தக்காளியும் சருகாகக் கிடந்தன. வேலி ஓரத்து முருங்கையும், மாணவர்கள் கைகழுவும் இடத்தருகே ஒரு பப்பாளியும் மட்டும் உயிரோடிருந்தன. அன்று மாலையே புதிய விதைக்கு விண்ணப்பம் எழுதப்பட்டது. ஆண்டுதோறும் நாம் தோட்டம் தொடங்குகிறோம், நடத்துவதில்லை.

பள்ளிதோறும் தோட்டம் அமைப்பதற்கான வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு 2019ஆம் ஆண்டில் வெளியிட்டது. மதிய உணவுத் திட்டம் 2021ஆம் ஆண்டில் 'பிரதமர் போஷண்' என்று பெயர் மாறியபோதும் தோட்டம் அதன் அங்கமாகவே தொடர்ந்தது. தொடக்கப் பள்ளி மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 கிராம் காய்கறி என்பது இத்திட்டத்தின் அளவு. 60 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு அது 3 கிலோ. பள்ளி திறந்த முதல் வாரத்தில் சந்தையில் காய்கறி விலை ஏறியிருக்கும். நம் பாத்திகளோ வெறுமையாக இருக்கும்.

லடாக்கில் இச்சிக்கல் வேறு விதமானது. அங்கே நீண்ட விடுமுறை குளிர்காலத்தில் வருகிறது. கோடையே பயிர்க் காலம். ஆனால் தக்காணத்திலும் விதர்ப்பத்திலும் வட இந்தியச் சமவெளியிலும், வெயில் உச்சத்தில் இருக்கும் வாரங்களில்தான் பள்ளி பூட்டப்படுகிறது. ஆகவே கோடைத் தோட்டத்தின் வேலை மே மாதத்தில் அன்று, பிப்ரவரியில் தொடங்குகிறது. குடியரசு தின விழாவில் காட்டுவதற்காக ஜனவரியில் நட்ட முட்டைக்கோசு கோடை வரை நிற்காது. தக்காளிச் செடி பிழைத்தாலும், பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் பூ உதிர்ந்துவிடும். கொத்தவரை, வெண்டை, தட்டைப்பயறு, தண்டுக்கீரை ஆகியவை வெயிலைத் தாங்குவன. பழைய கத்தரிச் செடியைப் பிடுங்கி எறிய வேண்டியதில்லை. கவாத்து செய்து சிறிது நீர் காட்டினால் மறுபடி தழைக்கும். முருங்கை, கறிவேப்பிலை, அகத்தி போன்ற மரவகைகளை மழைக்காலத்திலேயே நட்டு வேரூன்றச் செய்ய வேண்டும்.

நீரைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறேன். பூசணி, பீர்க்கு, சுரை போன்ற கொடிகளுக்குப் பானைப் பாசனத்தை விடச் சிக்கனமான முறையை நான் கண்டதில்லை. ஏழெட்டு லிட்டர் கொள்ளும் மண்பானையைக் கழுத்து வரை மண்ணில் புதைத்து, சுற்றிலும் மூன்று நான்கு விதைகளை ஊன்றி, பானையில் நீர் நிரப்பி மூடிவைக்க வேண்டும். மூடாவிட்டால் கொசு பெருகும். நீர் மெல்லக் கசிந்து வேருக்குச் செல்லும். மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். பத்துப் பானைகளுக்கு ஒரு தடவைக்கு ஐந்தாறு குடம் நீரே தேவை. எண்ணெயோ மோரோ வைத்திருந்த பழம்பானை உதவாது. அதன் நுண்துளைகள் அடைபட்டிருக்கும். வண்ணம் பூசிய பானையும் அவ்வாறே. மற்றப் பாத்திகளில் இரண்டு மூன்று அங்குல உயரத்திற்கு வைக்கோலோ சருகோ பரப்பலாம்; கறையான் ஏறாதபடி தண்டிலிருந்து ஒரு சாண் விலக்கிப் பரப்புங்கள்.

கிணறு வற்றும் ஊர்களில் நிலம் முழுவதையும் பசுமையாக வைத்திருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதற்கில்லை. இரண்டு பாத்திகளை மட்டும் காத்து, எஞ்சியதைக் கொத்திக் காயவிடுவது தோல்வி ஆகாது. கோடை மழை கிடைத்தால் அதில் சணப்பு விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழலாம்.

இனி, நீர் ஊற்றுபவர் யார்? வழிகாட்டு நெறிகளைப் படிக்கும்போது நாம் விரைந்து கடந்துவிடும் வினா இது. மாணவர் முறைவைத்து வருவர் என்று பதிவேட்டில் எழுதுகிறோம். முதல் வாரம் வருவார்கள், பின்னர் உறவினர் ஊருக்குப் போய்விடுவார்கள். அவர்களைக் குறைகூறுவது நியாயமன்று. இறுதியில் பொறுப்பு சமையல் உதவியாளரான அம்மையாரின் தலையில் விழுகிறது. மத்திய அரசின் விதிப்படி அவருக்கு மதிப்பூதியம் ஆண்டில் பத்து மாதங்களுக்கே உண்டு. ஊதியமில்லாத மாதங்களில் உழைப்பை மட்டும் கேட்கிறோம். அத்தோட்டத்தில் அவர் ஒரு முருங்கைக்காய் பறித்தால் கேள்வியும் கேட்கிறோம்!

விடுமுறையில் விளையும் காய்கறி, நீர் ஊற்றுபவருக்கே உரியது என்று பள்ளி மேலாண்மைக் குழு ஏப்ரல் கூட்டத்தில் தீர்மானம் எழுதிவைக்கட்டும். கதவுச் சாவி யாரிடம் இருக்கும், கைக்குழாய் பழுதானால் யாரிடம் சொல்வது என்பனவும் அதே தீர்மானத்தில் இடம்பெற வேண்டும். வறட்சிப் பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு வழங்க வேண்டும் என்று 2016 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதை இங்கே நினைவூட்டுகிறேன். அவ்வாறு அடுப்பு எரியும் ஆண்டுகளில் காய்கறியைப் பிள்ளைகளின் உணவுக்கும் அவருக்குமாகப் பங்கிட்டுக் கொள்ளலாம்.

அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். தோட்டங்களின் எண்ணிக்கையை ஜனவரியில் கேட்டு வாங்காதீர்கள். பள்ளி திறக்கும் நாளில் நேரில் சென்று, உயிருடன் நிற்கும் செடிகளை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாண்டு அந்த எண் மிகச் சிறியதாகவே இருக்கும். அதற்காக எந்தத் தலைமையாசிரியரிடமும் விளக்கம் கோர வேண்டாம்.