கைராட்டையில் அங்கோரா: ஒரு புதிய இழையின் சோதனை

(உரையின் எழுத்து வடிவம்)

இந்தியாவில் 2022-23ஆம் ஆண்டில் கிடைத்த கம்பளி ஏறத்தாழ 3.36 கோடி கிலோ. இதில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு தரைவிரிப்புக்கு ஏற்ற வகை. பத்துப் பங்கு முரட்டுப் போர்வைகளுக்கு உரியது. உடலோடு ஒட்டி அணியத்தக்க மென்மையான கம்பளி ஐந்து பங்கே. ஆகவே, மலைப்பகுதிகளில் கையால் நூற்கும் பெண்களுக்கு மென்மையான புதிய இழை ஒன்றை அறிமுகப்படுத்தும் முயற்சி, வெறும் ஆய்வுக்கூட ஆர்வம் அன்று.

ராஜஸ்தானத்தில் அவிகாநகரில் 1962இல் நிறுவப்பட்ட மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையத்திற்கு, இமாசலப் பிரதேசத்தின் குலு மாவட்டத்தில் கர்சா என்னுமிடத்தில் ஒரு கிளை உண்டு. அங்கோரா முயல் வளர்ப்பு அங்கு முக்கியப் பணிகளுள் ஒன்று. கடும் வெப்பத்தைத் தாங்காத இந்த முயலுக்கு மலைக்குளிர் ஏற்றது. (இதே நிலையத்தின் தென்னகக் கிளை கொடைக்கானலை அடுத்த மன்னவனூரில் இருப்பது தமிழ் வாசகர்கள் பலருக்குத் தெரிந்திருக்காது.)

குலுவின் நூற்போர் தலைமுறைகளாகப் பழகியது கத்தி இன ஆடுகளின் கம்பளி. அது எண்ணெய்ப் பசையும் சற்று முரட்டுத்தன்மையும் உடையது. அங்கோராவோ எல்லா வகையிலும் மாறுபட்டது. இழையின் பருமன் 11 முதல் 14 மைக்ரான். உள்ளே வரிசையாகச் சிறு காற்றறைகள் இருப்பதால் எடை குறைவு, கதகதப்பு மிகுதி. பசை மிகக் குறைவாதலால், கழுவும்போது ஆட்டுக் கம்பளியைப் போல் எடை இழப்பதில்லை. இவ்வளவும் இலாபக் கணக்கில் சேரும்.

தொல்லை ராட்டையில்தான் தொடங்குகிறது. ஆட்டுக் கம்பளி இழையில் செதில்களும் இயற்கையான சுருளும் இருப்பதால் ஓர் இழை மற்றோர் இழையைக் கவ்விக்கொள்கிறது. அங்கோராவின் செதில்கள் மேற்பரப்போடு படிந்திருக்கின்றன. சுருளும் மிகக் குறைவு. எனவே இழைகள் வழுக்கி விலகுகின்றன, நூல் அறுகிறது. வறண்ட பனிக்காலத்தில் உராய்வால் மின்னேற்றம் உண்டாகி, இழைகள் கையிலும் உடையிலும் ஒட்டிக்கொள்கின்றன. முறுக்கைக் கூட்டினால் நூல் உறுதிப்படும். ஆனால் எந்தப் பஞ்சுத்தன்மைக்காக இந்த இழை விரும்பப்படுகிறதோ, அது அடங்கிவிடும். முறுக்கைக் குறைத்தாலோ ஆடையிலிருந்து உரோமம் உதிரும்.

இதற்கு நடைமுறையில் கண்ட வழி கலப்பு ஆகும். மென்மையான மெரினோ வகைக் கம்பளியுடன் அங்கோராவைச் சேர்த்துச் சீவினால், ஆட்டு இழை பிடிப்பைத் தருகிறது, முயல் இழை மென்மையைத் தருகிறது. நூற்குமுன் நீரும் சிறிது எண்ணெயும் கலந்து தெளித்து ஊற வைப்பதும் பயன் தருகிறது. காஷ்மீரப் பெண்கள் பஷ்மினாவை நூற்குமுன் அரிசிமாவில் பிசறி வைக்கும் பழைய வழக்கத்தை இங்கு நினைவுகூரலாம். நுண்ணிழைக்கு முன்தயாரிப்பு வேண்டும் என்பதை அவர்கள் எப்போதோ அறிந்திருந்தனர். சோதனையில் கலப்பு விகிதம், ஈரம், முறுக்கு மூன்றையும் ஒரே சமயத்தில் மாற்றுவது வீண். ஒரே ராட்டை, ஒரே நூற்பவர், ஒரு மாற்றம் என்று செல்வதே முறை. நூற்றதைப் பின்னி, துவைத்து, தேய்த்துப் பார்த்த பின்பே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

அதிகாரிகள் பெரும்பாலும் கவனியாது விடுவது கூலி. எடைக்குக் கூலி தரும் இடங்களில், கிலோவுக்குப் பத்து கிலோமீட்டர் நீளமுள்ள தடித்த நூல் நூற்றவருக்கும், முப்பது கிலோமீட்டர் வரும் மெல்லிய நூல் நூற்றவருக்கும் அதே தொகை கிடைக்குமானால், பின்னவர் மும்மடங்கு நீளம் நூற்று ஒரு மடங்கு கூலியே பெறுகிறார். பழகும் காலத்தில் அறுபடுவதாலும் உதிர்வதாலும் ஏற்படும் நட்டம் வேறு. அந்நிலையில் அவர் பழைய கம்பளிக்கே திரும்புவார். "மலைப் பெண்கள் புதுமையை ஏற்பதில்லை" என்று அறிக்கை எழுதப்படும். பருத்திக் கதரில் 1000 மீட்டர் சிட்டத்தை அளவாகக் கொண்டு கூலி கணக்கிடும் முறை ஏற்கெனவே உள்ளது. அதைக் கலப்புக் கம்பளி நூலுக்கும் விரித்து, பழகும் மாதங்களுக்கு நாட்கூலி அளித்து, வீணாகும் இழையின் செலவைத் திட்டமே ஏற்க வேண்டும். சோதனைக்கான மதிப்பீட்டில் முயலுக்கும் கூண்டுக்கும் தொகை ஒதுக்கும்போதே இதற்கும் ஒரு தலைப்பு இடம்பெற வேண்டும்.