சட்டம் எங்கே கிடைக்கும்?



வாசகர் வட்ட விழாவில் கதை, கவிதை என்று ஏதாவது பேசுவார்கள் என நினைத்து வந்திருப்பீர்கள். நான் சட்டப் புத்தகத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். யாரும் எழுந்து போய்விடாதீர்கள். அபின் வழக்கு ஒன்றோடுதான் தொடங்குகிறேன்.

ஜெய்ப்பூர் சமஸ்தானத்தில் 1922-இல் மன்னர் இறந்துபோனார். வாரிசு சின்னப் பையன். ஆட்சியை ஓர் அமைச்சர் குழு நடத்தியது. 1923 டிசம்பரில் அந்தக் குழு கூடி, அபின் சட்டம் என்று ஒன்றைத் தீர்மானமாக நிறைவேற்றியது. அதோடு சரி. அரசிதழில் வெளியிடவில்லை, ஊரில் யாருக்கும் சொல்லவுமில்லை. கால் நூற்றாண்டு கழித்து, 1948-இல், ஹர்லா என்பவரை அந்தச் சட்டத்தின்கீழ் பிடித்து 50 ரூபாய் அபராதம் போட்டார்கள். மனிதர் விடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1951-இல் நீதிபதி விவியன் போஸ் தீர்ப்பு எழுதினார். நாலு பேர் அறைக்குள் கூடி எடுத்த முடிவு, ஊருக்குத் தெரிவிக்கப்படாத வரை ஊரைக் கட்டுப்படுத்தாது என்பதுதான் அதன் சாரம். தண்டனை ரத்தானது. அந்த 50 ரூபாய் வழக்கு இந்தக் குடியரசுக்குச் செய்த உதவி பெரிது.

சரி, இன்றைக்கு யாரும் சட்டத்தை ஒளித்து வைப்பதில்லையே என்பீர்கள். உண்மை. ஆனால் சிதறிக் கிடக்கிறதே! ஹெல்மெட் இல்லாமல் போனால் 1000 ரூபாய் அபராதம். எந்தச் சட்டத்தில் இருக்கிறது? மோட்டார் வாகனச் சட்டம், 1988. பழைய பிரதி ஒன்றைப் புரட்டுங்கள். 129-ஆவது பிரிவு ஹெல்மெட் போடச் சொல்லும். அபராதத்துக்கு 177-ஆவது பிரிவைப் பார்த்தால் முதல் தடவைக்கு 100 ரூபாய்தான். 1000 எங்கிருந்து வந்தது? 2019-இன் திருத்தச் சட்டத்திலிருந்து. அதை எடுத்துப் பார்த்தால் தொடர்ச்சியாக ஒன்றும் படிக்க முடியாது. இந்தப் பிரிவுக்குப் பின் இதைச் சேர்க்க, அந்தச் சொற்களை நீக்க என்றே பக்கம் பக்கமாகப் போகும். இரண்டையும் பக்கத்தில் வைத்து நீங்களே ஒட்டிப் படித்தால் 194-டி என்ற புதுப் பிரிவு கிடைக்கும். அது எந்தத் தேதியில் அமலுக்கு வந்தது? சட்டத்தில் இருக்காது, அரசு அறிவிக்கும் நாளில் என்று மட்டும் இருக்கும். அந்த அறிவிக்கை தனிக் காகிதம்: 2019 செப்டம்பர் 1. அப்புறமும் தீரவில்லை. சாலையோரத்திலேயே கட்டிவிட்டுப் போகிற தொகையை நிர்ணயிப்பது மாநில அரசு. நம் தமிழ்நாட்டில் அந்த அரசாணை வந்தது 2022 அக்டோபரில்! ஒரு ஹெல்மெட்டுக்கு நாலு காகிதம் தேட வேண்டியிருக்கிறது. சட்டம் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது என்கிறார்களே, தெரிந்துகொள்ள ஒரு வழி வேண்டாமா?

இன்னொரு வேடிக்கை. புத்தகத்தில் இருக்கும், நாட்டில் இருக்காது. தவணைக் கொள்முதல் சட்டம் 1972-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அமலுக்கே வராமல் கிடந்து, 2005-இல் நீக்கப்பட்டது. நம் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 1998-இல் இயற்றப்பட்டது. பல ஆண்டுகள் நிறுத்திவைக்கப்பட்டு 2023-இல்தான் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் அந்தப் புத்தகத்தை நம்பி மனு எழுதியவர் கதி?

வேடிக்கை என்றேன், அடுத்தது வேடிக்கை இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவை 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது. ஆறு வருடம் கழித்தும் அதே பிரிவில் வழக்குப் பதிவாகிறது என்று 2021-இல் நீதிமன்றத்துக்கே வந்து முறையிட்டார்கள். எப்படி நடந்தது? அரசுத் தலைமை வழக்கறிஞரே காரணம் சொன்னார்: புத்தகத்தில் பிரிவு முழுசாக அச்சாகியிருக்கிறது, செத்துப்போன செய்தி பக்கத்தின் அடியில் சின்ன அடிக்குறிப்பாக இருக்கிறது. காவல் நிலையத்தில் ராத்திரி பத்து மணிக்கு எப்.ஐ.ஆர். எழுதுகிறவர் அடிக்குறிப்பைப் பார்ப்பாரா? 2022 அக்டோபரில் நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. அரசு போட்டாலும் தனியார் போட்டாலும், அந்தப் பிரிவை அச்சிடுகிறவர்கள் அது செல்லாது என்பதை வாசகருக்குப் புரியும்படி தெரிவிக்க வேண்டும். சட்டங்களைத் தொகுப்பது குமாஸ்தா வேலை என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். ஓர் அடிக்குறிப்பு சரியாக இல்லாவிட்டால் ஆள் உள்ளே போய்விடுவார் ஐயா!

நல்லதும் நடந்திருக்கிறது. 1872-இன் கிறித்தவத் திருமணச் சட்டத்தைத் தேடிய ஒரு சட்ட மாணவருக்கு அரசு இணையத்தில் படிக்கும்படியான பிரதி கிடைக்கவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டார். விஷயம் டில்லி உயர் நீதிமன்றம் போய், 2016-இல் மத்தியச் சட்டங்கள் எல்லாவற்றையும் கணினியில் தேடிப் படிக்கும் வடிவில் ஏற்ற உத்தரவானது. இன்று ‘இந்தியா கோட்’ தளத்தில் சட்டங்கள் இலவசம். சுஷாந்த் சின்ஹா என்ற மென்பொருள் பொறியாளர் 2008-இல் தொடங்கிய ‘இந்தியன் கானூன்’ தேடுதளம் இல்லாமல் இன்று எந்த இளம் வழக்கறிஞருக்குப் பொழுது விடிகிறது?

சட்டத்தை நாமே மறுபதிப்புச் செய்தால் பதிப்புரிமைச் சிக்கல் வருமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம், குறிப்புகளோடு கூடிய தன் சட்டத் தொகுப்புக்கு உரிமை கொண்டாடி, அதை எல்லாருக்கும் எடுத்துப் போட்ட கார்ல் மாலமூடின் அமைப்பு மீது வழக்குப் போட்டது. 2020-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் மாநிலம் தோற்றது. நம் ஊரில் 1957-இன் பதிப்புரிமைச் சட்டம், 52-ஆவது பிரிவு, சட்டங்களை மறுபதிப்புச் செய்ய அனுமதிக்கிறது. கூடவே ஒரு விளக்கவுரையோ சொந்தமாக எழுதியது ஏதாவதோ சேர்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான். விளக்கம் எழுதத் தெரிந்தவர்கள் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

சட்டம் தமிழிலும் வேண்டுமே! மத்தியச் சட்டங்களின் தமிழாக்கத்துக்கு அதிகாரபூர்வ மதிப்புக் கொடுக்க 1973-லேயே சட்டம் வந்தாயிற்று. அந்தத் தமிழ்ப் பிரதிகள் எந்தக் கிளை நூலக அலமாரியில் இருக்கின்றன?

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். இந்த நூலகத்தில் ஓர் அலமாரி ஒதுக்குங்கள். முதலில் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994. திருத்தங்களைச் சேர்த்து, எந்தத் தேதி வரை சேர்த்தது என்று முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட்டு வையுங்கள். அமலில் இல்லாததை அடியில் எழுதாமல் அந்தப் பிரிவின் தலையிலேயே எழுதுங்கள். பணி ஓய்வு பெற்றவர்கள் வீட்டுப் பரணில் பழைய அரசிதழ் இருந்தால் எடைக்குப் போடாமல் இங்கே கொண்டுவாருங்கள். வாசல் மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறார்கள். வழக்கறிஞர்களும் சட்டக் கல்லூரித் தம்பி தங்கைகளும் பெயரை எழுதிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.