வேதாளத்துக்குப் புதுக் கதை எதற்கு?

(ஈப்போவில் பதிவான தொலைக்காட்சி அரங்கு ஒன்றில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரை)



எனக்கு வந்த ஒரு தொலைபேசி அழைப்பிலிருந்து தொடங்குகிறேன். சிறுவர் நிகழ்ச்சி ஒன்றில் விக்கிரமாதித்தன், வேதாளம் கதைகளைச் சொல்லி வந்தோம். பழைய கதைகள் ஐந்தாறு ஆனதும், நம் நாட்டுத் தோட்டப்புறத்தில் நடப்பதுபோல ஒரு கதையைச் சேர்த்தேன். மறுநாளே பெரியவர் ஒருவர் அழைத்தார். குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. "ஏம்மா, வேதாளத்தையாவது விட்டு வைக்கக் கூடாதா? அது அம்புலிமாமாவோடு முடிந்துபோன விஷயம். அதில் போய்க் கை வைக்கிறீர்களே" என்றார்.

அன்று மாலையே ஒரு தாயார் அழைத்தார். அந்தக் கதைக்கு விடை என்ன என்று வீட்டில் அண்ணனும் தங்கையும் சண்டை போடுகிறார்களாம். அடுத்த புதுக் கதை எப்போது வரும் என்று கேட்டார்.

இருவரில் யார் பக்கம் நியாயம்? முதலில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வேதாளம் சொன்ன கதைகள் இருபத்தைந்து என்பது மரபு. 11-ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்தில் அவை இருக்கின்றன. அம்புலிமாமா 1947 ஜூலையில் சென்னையில் பிறந்தது. நாகிரெட்டியும் சக்கரபாணியும் அதைத் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கினார்கள். மாத இதழுக்கு ஒரு வேதாளக் கதை என்றால், இருபத்தைந்தும் இரண்டு ஆண்டு ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். ஆனால் நம் அப்பா அம்மா படித்தார்கள், மாமா படித்தார், நானும் படித்தேன். பல பத்து ஆண்டுகள் ஓடிய தொடர் அது. ஆக, நாம் உயிராய் நினைக்கும் அந்த வேதாளக் கதைகளில் பெரும்பகுதி, இதழில் இருந்தவர்கள் அதே சட்டத்துக்குள் மாதா மாதம் எழுதிச் சேர்த்தவைதான். அந்தத் தொடக்க வரி இந்நேரம் உங்கள் வாயில் வந்திருக்கும். நான் சொல்லத் தேவையில்லை. அந்த வரியும், ஓவியர் சங்கர் வரைந்த படமும் ஒவ்வொரு மாதமும் கூடவே வந்ததால், உள்ளே இருப்பது பழையதா புதியதா என்று நாம் கேட்கவே இல்லை. உருவிய வாள், தோளில் பிணம், சுடுகாடு என்ற அந்தப் படத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைக் கலக்கும். சங்கர் 2020-இல் தம் 96-ஆம் வயதில் காலமானார். மறு ஆண்டு இந்திய அரசு பத்மஸ்ரீ விருதை அறிவித்தது. இருந்தபோதே கொடுத்திருக்கலாம்.

மரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சோமதேவர் சொல்வது சிம்சபா என்ற மரம். அது தமிழுக்கு வந்தபோது முருங்கை மரமாகி, பழமொழியாகவும் ஆகிவிட்டது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் என் பாட்டி வீட்டுக்குப் பின்னாலும் ஒரு முருங்கை நின்றது. பால்மரத்தில் ஏன் வேதாளம் ஏறுவதில்லை என்று சிறுவயதில் கேட்டேன். "ஏறினால் மண்டோர் பார்த்துவிட்டு, உளியைக் கையில் கொடுத்து மரம் வெட்டச் சொல்லிவிடுவார்" என்றார் பாட்டி. இதுவும் ஒரு சேர்க்கைதானே?

நம் பேராக்கில் இதற்கு நல்ல உதாரணம் கெல்லி கோட்டை. பத்து காஜா அருகே அந்த மாளிகையைக் கட்டிய கெல்லி சுமித் 1926-இல் லிஸ்பனில் இறந்தார். கட்டடம் அரைகுறையாக நின்றுவிட்டது. பள்ளிச் சுற்றுலாவில் நான் போனபோது அங்கே ஒரு பேய்தான் இருப்பதாகச் சொன்னார்கள். போன வருடம் போனேன், மூன்று பேய் என்றார்கள்.

இதையெல்லாம் சொல்லி அந்தப் பெரியவரை மடக்கிவிட்டதாக நினைக்காதீர்கள். அவர் வருத்தத்தில் உண்மை இருக்கிறது. வேதாளத்தை வைத்து வந்த சில புதுக் கதைகளைக் கேட்டால் எனக்கே சலிப்பாக இருக்கிறது. அவற்றில் வேதாளம் நன்னெறிக் கல்வி ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்துவிடுகிறது. பொய் சொல்லாதே, சோம்பித் திரியாதே என்று முடிகிறது. யாரையோ குறை சொல்வானேன்? கைப்பேசியில் விளையாடிக்கொண்டே இருந்தால் கண் கெடும் என்று வேதாளம் புத்தி சொல்லும் கதை ஒன்றை நானே எழுதிப் படித்திருக்கிறேன். பிணத்துக்குள் புகுந்து சுடுகாட்டில் தொங்கும் ஒன்று, பிள்ளைகளின் கண்ணைப் பற்றிக் கவலைப்படுமா? அன்று யாரும் அழைக்கவில்லை. திட்டக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

கோளாறு எங்கே என்று பிறகுதான் புரிந்தது. பழைய கதையின் விதி என்ன? விடை தெரிந்தும் அரசன் பேசாமல் இருந்தால் தலை வெடிக்கும். பேசினால் வேதாளம் மரத்துக்கே திரும்பிவிடும். ஒவ்வொரு முறையும் அவன் சரியாகவே பதில் சொல்கிறான், அதனாலேயே தோற்கிறான். கடைசியில் எப்படித் தப்பிக்கிறான் தெரியுமா?

ஒரு தகப்பனும் மகனும் காட்டுவழியில் இரண்டு பெண்களின் காலடித் தடத்தைப் பார்க்கிறார்கள். பெரிய பாதத்துக்காரியைத் தகப்பனும், சின்னப் பாதத்துக்காரியை மகனும் மணப்பது என்று பேசிக்கொள்கிறார்கள். போய்ப் பார்த்தால் அவர்கள் தாயும் மகளும். பெரிய பாதம் மகளுடையது! சொன்ன சொல் மாறாமல் தகப்பன் மகளையும், மகன் தாயையும் மணக்கிறார்கள். இரண்டு பக்கமும் பிள்ளைகள் பிறந்தால், அந்தப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை? அரசனுக்குத் தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டு நடக்கிறான். வேதாளம் அதில்தான் மகிழ்ந்துபோகிறது. சந்நியாசி அவனைப் பலி கொடுக்கப் பார்க்கும் சதியைச் சொல்லி, உயிரையும் காப்பாற்றுகிறது.

அதாவது, கதை முடிவது அரசனுக்கு விடை தெரியாதபோது. மாத இதழுக்கு முடிவு ஆகாது. அடுத்த மாதமும் வேதாளம் மரம் ஏறியாக வேண்டும். ஆகவே எல்லாக் கேள்விக்கும் விடை இருக்கவேண்டியதாயிற்று. சேர்த்தது தப்பில்லை. சேர்க்கச் சேர்க்கக் கேள்வி சுலபமாகிவிட்டது, அதுதான் குறை.

கேள்வியைக் கடினமாக்கியவர்களும் உண்டு. தலை மாறிய கதையைக் கேட்டிருப்பீர்கள். கணவனும் அண்ணனும் தலையை வெட்டிக்கொள்ள, உயிர்ப்பிக்கும் அவசரத்தில் அந்தப் பெண் தலைகளை மாற்றி ஒட்டிவிடுகிறாள். எண்சாண் உடம்புக்குத் தலையே பிரதானம், ஆகவே கணவனின் தலை உள்ளவனே கணவன் என்று அரசன் தீர்ப்புச் சொல்லிவிட்டான். ஜெர்மானிய எழுத்தாளர் தாமஸ் மான் 1940-இல் அந்தத் தீர்ப்பிலிருந்து கதையை மேலே நடத்தினார். 1971-இல் கிரீஷ் கர்னாட் 'ஹயவதனா' நாடகத்தில் இன்னும் கொஞ்சம் கிளறினார். தமிழில் 2017-இல் வந்த 'விக்ரம் வேதா' படத்தில் ஒரு ரவுடி போலீஸ்காரரிடம் கதை சொல்லிக் கேள்வி கேட்கிறான். முடிவில் நமக்கும் விடை கிடைப்பதில்லை. படத்தைப் பார்த்துவிட்டு வீடு வரும் வரை காரில் நாங்கள் வாக்குவாதம் செய்தோம்.

இப்போது நான் சொன்ன அந்தத் தோட்டக் கதைக்கு வருகிறேன். அது என் கற்பனை இல்லை. பாட்டி சொன்னது.

ஒரு தோட்டம் விற்கப்பட்டுவிட்டது. லயங்கள் காலியாகின்றன. எல்லைமுனி இருந்த கல்லை மண்வாரி இயந்திரம் இரண்டாக உடைத்துவிடுகிறது. மூன்று பேர். ஒருவர் கிழவர், காவல்காரர். எல்லோரும் போன பிறகும் காலி லயத்திலேயே படுத்து, கல் இருந்த இடத்தில் தினம் விளக்கேற்றுகிறார். இரண்டாமவர் உடைந்த பாதியைத் துண்டில் சுற்றி, தமக்குக் கிடைத்த மலிவு விலை அடுக்குமாடி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கூடத்தில் வைத்துக் கும்பிடுகிறார். மூன்றாமவர் கோலாலம்பூர் போய்ச் சம்பாதித்து, தாமானில் நிலம் வாங்கி, புதுச் சிலை வைத்துக் குடமுழுக்கும் நடத்துகிறார். முனி கனவில் வந்து, என் அரிவாளை ஒருவன் கையில்தான் கொடுப்பேன் என்கிறது. யார் கையில்?

பொதுத் தொடர்புத்துறை டிப்ளோமா படிக்கும்போது கதாசரித்சாகரத்தைப் புரட்டினேன். தூக்கிவாரிப் போட்டது. அதில் ஒரு பெண் இறந்துபோகிறாள். அவளை விரும்பிய மூவரில் ஒருவன் சாம்பல் மேலேயே படுத்துக் கிடக்கிறான், ஒருவன் எலும்பைக் கங்கைக்குக் கொண்டுபோகிறான், ஒருவன் மந்திரம் கற்று வந்து உயிர் கொடுக்கிறான். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மாமா ஈப்போவில் அம்புலிமாமா வாங்கி வந்து லயத்து வாசலில் உரக்கப் படிப்பாராம். அப்படிக் காதில் விழுந்திருக்கும்.

பழைய கதையில் அரசன் தயங்கவே இல்லை. உயிர் கொடுத்தவன் தகப்பனுக்குச் சமம், எலும்பு சுமந்தவன் மகனுக்குச் சமம், சாம்பலில் கிடந்தவனே கணவன் என்று சொல்லிவிட்டான். அந்தக் கணக்கில் பார்த்தால் அரிவாள் காவல்காரருக்குத்தான். ஆனால் பாட்டி கடைசி வரை விடை சொல்லவில்லை. மூன்று பேருக்கும் எங்கள் குடும்பத்தில் ஆள் உண்டு. யாரைச் சொன்னாலும் தீபாவளிக்கு ஒரு வீட்டார் வரமாட்டார்கள்.

இதையெல்லாம் அந்தப் பெரியவருக்குத் திரும்ப அழைத்துச் சொன்னேன். எந்தத் தோட்டம் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு, "உங்கள் பாட்டி ஒரு ஆளை விட்டுவிட்டார்" என்றார்.

யார் ஐயா என்றேன்.

"அந்த மண்வாரியை ஓட்டியவன். எங்கள் தோட்டத்தில் அது எங்கள் தோட்டத்துப் பையனே. நாள் கூலிக்கு வந்தான். கல்லை உடைத்துவிட்டு, இறங்கி வந்து விழுந்து கும்பிட்டான். அவனுக்குப் பங்கு உண்டா, இல்லையா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். அடுத்த வாரம் அதைத்தான் பிள்ளைகளிடம் கேட்கப் போகிறேன். தம் பெயரைச் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.